மூன்றடிக்கு மேல் நீண்ட பொருள்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நான் நலமில்லை. உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையிலும் இல்லை. ராணுவத் தபாலில் போட்டால் பாதி வரிகளில் கறுப்பு மை பூசிவிடுவார்கள். அதனால் தண்ணீர் லாரிக்காரரிடம் கொடுத்து, ஊருக்குள் போய்ப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். அம்மா கண்ணில் படாமல் வை.

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். செங்கல் சூளைக்கு எதிர்மேட்டில் நண்டு ஒன்றுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். காகிதங்களில் அதற்குத் தன்னியக்கக் காவல் துப்பாக்கி என்று பெயர். ஆறு கால்களில் பக்கவாட்டாக நகர்வதால் நாங்கள் நண்டு என்போம். யாரும் விசையை அழுத்த வேண்டாம். அதுவே பார்க்கும், அதுவே முடிவெடுக்கும், அதுவே சுடும். அதன் வயிற்றுக்கு நான் வைத்தியன், அதன் கண்ணுக்கு நீ வாத்தியார். நீ உன் அலுவலகத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, படம் படமாகக் கட்டம் போட்டு, 'இது ஆயுதம், இது ஆயுதமில்லை' என்று சொல்லிக்கொடுத்துத்தானே அதற்குப் பார்வை வந்தது?

சூளையிலிருந்து ஆறு பேர் வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்கத்து ஆட்கள். முன்னால் வந்தவன் நீளமான கழியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தான். கேப்டன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார். "அப்பாடா, சரணடைய வர்றாங்கடா. எல்லாரும் துப்பாக்கியைக் கீழ வைங்க" என்றார். நாங்கள் வைத்தோம். பக்கத்து மேட்டில் நின்ற இன்னொரு நண்டு வைக்கவில்லை.

கேப்டன் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். சிக்னல் இல்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். சிக்னல் அறுந்தாலும் தன் புத்தியிலேயே வேலை செய்யும் என்பதுதானே அந்தச் சனியனின் பெருமை. நான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு அதை நோக்கி ஓடினேன், காதில்லாததிடம். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் கைப்பட்டையைப் பார்த்தது. நம் ஆள் என்று தெரிந்ததும் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. எனக்கு அது காட்டிய மரியாதை இருக்கிறதே அக்கா, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

ஐந்து பேர் செத்துப்போனார்கள். கழியைப் பிடித்திருந்தவன் மட்டும் இடுப்பில் குண்டோடு பிழைத்துக் கிடக்கிறான்.

ஒரே கேள்வி. கழியில் கட்டிய வெள்ளைத் துணியை அதற்கு என்னவென்று சொல்லிக்கொடுத்தாய்?

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். மூன்றாவது முறை கோபம் தலைக்கேறியது. ஐந்து பேரையும் நானே நிற்க வைத்துச் சுட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீ அம்பையும் விட்டுவிட்டு, அம்புக்கு இறகு ஒட்டியவள் குடுமியைப் பிடிக்கிறாய்.

உன் அத்தான் எப்படிச் செத்தார் என்பது மறந்துபோய்விட்டதா? சாமான் லாரியை ஓட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார். விடிகிற நேரம், மூடுபனி. காவலுக்கு நின்றவன் எதிரியில்லை, நம் பக்கத்து ஆள். மூன்று நாள் கண் மூடாதவன். இவர் அடையாளச் சொல்லை இரண்டு முறை கத்தியிருக்கிறார். பயந்துபோன விரலுக்குக் காது கேட்குமா? அது மனிதன், தம்பி. தாய் வயிற்றில் பிறந்த, ரத்தமும் சதையும் உள்ள மனிதன். என் வாழ்க்கையை முடித்தது எந்த நண்டும் இல்லை.

எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தூங்காத கண், பதறாத விரல், அதற்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள் தேவை என்று போட்டிருந்தது. மறுநாளே போய் நின்றேன். சம்பளத்துக்காகப் போனேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உனக்குமா தெரியாது?

உங்கள் முகாமுக்கு நண்டுகள் வந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அங்கிருந்து எத்தனை சவப்பெட்டி புறப்பட்டது, சொல். ஒரு விரலைக்கூட மடக்க வேண்டியிருக்காது. முன்பெல்லாம் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டாலே அம்மா கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். இப்போது பிடிப்பதில்லை. அந்த நிம்மதியில் என் பங்கும் இருக்கிறது.

என் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? ஒரு படத்துக்கு நாலு நொடி. ஐந்தாவது நொடி ஆனால் திரை சிவக்கும். எங்கே எடுத்த படம், யார் எடுத்தது, எதுவும் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எங்கள் மாடியில் மட்டும் அறுபது பேர். உன் வெள்ளைத் துணி என் மேஜைக்குத்தான் வந்தது என்று எந்த ஜோசியன் சொன்னான்?

இனி இந்த மாதிரிக் கடிதம் எழுதாதே. போன மாதம் வெளியில் வாய் விட்டதற்காக இரண்டு பேரை வேலையிலிருந்து தூக்கினார்கள். கால் வெடிப்புக்குக் களிம்பு போடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

நீளமான பதில். நான் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறாய். சரி, எய்தவனைக் காட்டு. நான் தேடிப் பார்த்துவிட்டேன். கேப்டனிடம் கேட்டேன். "நான் விசையைத் தொடவே இல்லப்பா. நிறுத்தத்தானே அழுத்தினேன், நீயும் பார்த்தேல்ல?" என்று என்னையே சாட்சிக்கு இழுக்கிறார். நண்டைச் செய்த கம்பெனியிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். மடிக்கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பழுது எதுவும் இல்ல. விதிப்படிதான் நடந்திருக்கு" என்றார், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு என்று சொல்லும் டாக்டர் மாதிரி. நான் எட்டிப் பார்த்தேன். கழியையும் விரிப்பையும் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். கீழே 'நீள ஆயுதம், உறுதி 91 சதவீதம்' என்று எழுதியிருந்தது. அம்பே குறி பார்த்ததாம், அம்பே தன்னை எய்துகொண்டதாம், அம்பின் மேலும் குற்றமில்லையாம். உன் பழமொழியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அத்தானை மறந்தேனா என்கிறாய். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன் நான். ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். சுட்டவன் நம் வீட்டுக்கு வந்தான். தண்டனைக்கு உள்ளே போவதற்கு முந்தின நாள், காலையில் வந்து வாசலில் நின்று, "நான்தாங்க" என்றான். நீ அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் பொத்தான்கள் தெறித்து ஓடின. அறைந்தாய். "செத்துப் போடா" என்று கத்தினாய். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. பொழுது சாயும்வரை வெயிலில் நின்றுவிட்டுப் போனான். நீ அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் நீ, பல வாரங்களுக்குப் பிறகு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். இந்த ஐந்து பேர் வீட்டுப் பெண்கள் யார் சட்டையைப் பிடிப்பார்கள்? இரும்புக்குச் சட்டை உண்டா?

இதைப் பண்டக அறைக்குள்ளிருந்து எழுதுகிறேன். வெளியே பூட்டியிருக்கிறது. பதறாதே, முழுதாகப் படி.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்கள் ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் குறுக்கே ஒரு கழி, அதன் இரண்டு முனையிலும் தண்ணீர்க் கேன். என் பக்கத்தில் நின்ற நண்டு மெதுவாகத் தலையைத் திருப்பியது. அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும். பொத்தான், சிக்னல், கேப்டன் என்று எதற்கும் காத்திருக்கவில்லை. வயிற்று மூடியைத் திறந்து மெயின் கேபிளை வெட்டினேன். ஒட்டுப்போட முடியாதபடி மூன்று இடத்தில் வெட்டினேன். அது அப்படியே மண்டி போட்டது. அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியாது. ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

போர்முனையில் ஆயுதத்தைச் சேதப்படுத்தினேன் என்று வழக்கு. ஏழு வருடம் வரை கிடைக்குமாம். எனக்குக் கொடுத்திருக்கும் வக்கீல் நல்லவர்தான், இந்தக் கடிதத்தையும் அவர்தான் வெளியே கொண்டுபோகிறார். "நண்டு ஆளை மாத்திப் பார்க்கும்னு உள்ளேயிருந்து யாராவது வந்து சொன்னாத்தான் தம்பி உனக்கு வழி" என்கிறார். உள்ளேயிருப்பவர்களில் எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான்.

தம்பி

ஏப்ரல் 3

மடையா,

ஏழு வருடம்! வெட்டுவதற்கு முன்னால் அம்மாவை ஒரு நொடி நினைத்தாயா? உன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒரே நாளில் நாலு முறை சொல்லிவிட்டேன். நாலாவது முறை அவள், "எதுக்கு இத்தனை தடவை சொல்றே? என்ன ஆச்சு அவனுக்கு?" என்றாள். சொல்லிவிட்டேன். அழவில்லை. "அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

கேட்டாயல்லவா? கேட்டுக்கொள்.

எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விதித்தாள் இருக்கும். பதினான்காவது விதி: 'கையிலோ தோளிலோ மூன்றடிக்கு மேல் நீண்ட பொருள்: ஆயுதம். சந்தேகம் இருந்தால்: ஆயுதம்.' பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. இடிந்த கட்டடம், ஒரு ஆள், கையில் கழி, கழியில் துணி. எனக்குக் கை ஓடவில்லை. மேற்பார்வை செய்யும் அம்மாளைக் கூப்பிட்டேன்.

"மேடம், இவர் சரணடைய வர்ற மாதிரி இருக்கு. அதுக்குன்னு எதுவும் லிஸ்ட்ல இல்லையே?"

"இல்லைன்னா ஏன் தேடறீங்க? கழி தெரியுதா?"

"தெரியுது."

"மூணு அடி இருக்கா?"

"அதுக்கு மேலயே இருக்கும் மேடம். ஆனா துணி..."

"துணியைப் பத்தி யாராவது உங்ககிட்ட கேட்டாங்களா? கட்டத்தைப் போட்டுட்டு நகருங்க. திரை செவந்து எவ்வளவு நேரமாச்சு பாருங்க."

போட்டேன். அப்புறம் அந்த மாதிரிப் படங்கள் வந்தபோது யாரையும் கூப்பிடவில்லை. நாற்பது இருக்கும். தோளில் கழியும் தண்ணீர்க் கேனும் வந்திருக்கிறது. ஏணி வந்திருக்கிறது. ஒரு கிழவரின் ஊன்றுகோல்கூட வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். அந்த மாதம் ஒரு தவறும் செய்யாதவள் என்று என் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. மறைப்பானேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் விசாரணைக்கு வா என்று கேட்காதே. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நானும் உள்ளே போய்விட்டால் அம்மாவுக்கு யார் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது? இன்னொன்று. அரைத்தூக்கத்தில் சுடுகிறவனைவிட நண்டு மேல் என்று என் மனதில் பாதி இன்னமும் சொல்கிறது. மறுபாதி என்ன சொல்கிறது என்று கேட்காதே. உன் மேல் அவ்வளவு கோபம் வருகிறது எனக்கு.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

வராதே. கேட்டது என் தப்பு.

ராணுவ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் நின்றுபோய், என்னை விலங்கோடு கூட்டிப்போனார்கள். வேலை செய்யக் கழற்றினார்கள், முடிந்ததும் மாட்டினார்கள். கைதிகள் வார்டு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே அவனைப் பார்த்தேன், கழியைத் தூக்கி வந்தவனை. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டராம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் துப்பாக்கியைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். இனி இடுப்புக்குக் கீழே அசையாது. என் சட்டையின் நிறத்தைப் பார்த்ததும் தலையைத் தூக்கினான்.

"என்னைச் சுட்டவன் எவன்? உங்க ஆளுங்கள்ல எவன்னு காட்டு."

"ஆள் இல்லைங்க. மெஷின்."

"மெஷினா? யாரும் தொடாம தானாவா சுட்டுச்சு?"

"ஆமாங்க."

காறித் துப்பினான். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பான். முகத்தில் விழுந்தது. காவலுக்கு வந்தவன் அடிக்கக் கை ஓங்கினான், நான் குறுக்கே நின்றேன். துப்புவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே முகம் என்னுடையது.

விசாரணை இருபத்திரண்டாம் தேதி. அன்றைக்கும் நீ உன் நாலாவது மாடியில் கட்டம் போட்டுக்கொண்டிரு. பலகையில் மறுபடி பெயர் வரும்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பிக்கு,

விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உன்னைப் பார்த்தேன். இளைத்துப்போயிருக்கிறாய். பேசக்கூடாது என்று என் பக்கத்தில் நின்றவர் முன்பே சொல்லியிருந்தார். நீ என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றதும், உன்னை இழுத்து உட்கார வைத்ததும் எனக்குத் தெரியும். உன்னை வெளியே வைத்து அறையைச் சாத்திக்கொண்டதால், உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடைசி வரி என்னை வரவைத்தது என்று நினைத்துப் பெருமைப்படாதே. அதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் வேலைக்கும் போனேன். முதல் படத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் ஒட்டடைக் கம்பு. நாலு நொடி ஆனது. ஐந்தானது. திரை சிவந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடம் வந்து, "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்றார். மேஜைக் கண்ணாடியைத் தூக்கினேன், விதித்தாளை எடுத்தேன், அவர் கண்ணெதிரே நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன், படியிறங்கி வந்துவிட்டேன். "உங்களுக்குப் பைத்தியமா?" என்று அவர் மூன்றாவது மாடி வரை கத்திக்கொண்டே வந்தார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தாளை வாங்கி மாற்றி மாற்றிப் படித்தார்கள். நடுவில் இருந்தவர், தலை நரைத்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"இது உங்க தப்புன்னு சொல்ல வர்றீங்களாம்மா?"

"என் தப்பும்தான். கட்டம் போட்டது என் கை."

"அப்படி எழுத முடியாதும்மா. நீங்க ஆயுதத்தை இயக்கறவங்க இல்ல. உத்தரவு போடறவங்களும் இல்ல. சட்டப்படி இதுல நீங்க யாருமே இல்ல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "நானும் யாருமில்ல, கேப்டனும் யாருமில்ல, கம்பெனிக்காரரும் யாருமில்ல. அப்ப அந்த அஞ்சு பேரும் தானாவே செத்துட்டாங்களா? என் புருஷனைச் சுட்டவனுக்கு நீங்கதான் ரெண்டு வருஷம் குடுத்தீங்க. அன்னைக்கு மட்டும் ஆள் கிடைச்சானா உங்களுக்கு?" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். தண்ணீர்க் குவளை சாய்ந்து அவர்கள் காகிதங்கள் நனைந்தன. ஓரத்தில் இருந்தவர் எழுந்தார். நரைத்தவர் அவரை உட்காரச் சொன்னார். நனைந்த காகிதங்களுக்கு நடுவிலிருந்து விதித்தாளை எடுத்துத் துடைத்தார். "தாள் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

ரகசியத்தை வெளியிட்டதற்கு என் மேல் தனியாக வழக்கு வருமாம். வரட்டும். அம்மா என்னோடு பேசிவிட்டாள். "கால் வலிக்குதா, உக்காரு" என்றாள்.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று மாதம் கட்டாய வேலை, பிறகு வீட்டுக்கு. ஏழு வருடம் என்றது மூன்று மாதமாகக் குறைந்தது உன் தாளால்தான் என்கிறார் வக்கீல். உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லவும் செய்கிறேன். ஆனால் வயிறு எரிகிறது.

ஐந்து பேர் செத்ததற்குத் தீர்ப்பில் ஒரே வரி: 'எந்தத் தனிநபரும் பொறுப்பல்ல.' நண்டுகளை ஒன்பது நாள் உள்ளே கட்டிப்போட்டார்கள். பத்தாம் நாள் அதே மேட்டில் நிற்கின்றன. உன் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்களாம்: 'வெள்ளைத் துணி: சுடாதே.' அவ்வளவுதான். துணி கிடைக்காதவன் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தால்? அழுக்குத் துணியோடு வந்தால்? கை போனவன் வந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஐந்து பேர் செத்தால் ஒவ்வொரு வரி சேர்ப்பார்கள். கேப்டனிடம் கத்தினேன். "நீ கத்தறது நியாயம்தான்டா. ஆனா இதுங்க வந்தப்புறம் நம்ம பசங்க ஒருத்தனும் சாகலையே" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் குழி தோண்டிக் குழாய் பதிக்கிறேன். ஜன்னல் வழியாக அந்தப் பெயின்டர் தெரிகிறான். வருகிற ஒவ்வொரு டாக்டரிடமும், ஒவ்வொரு நர்ஸிடமும் "சுட்டது யாரு?" என்று கேட்கிறானாம். அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் புத்தி பிசகாதவன் அவன் ஒருவன்தான்.

தம்பி

மே 21

தம்பிக்கு,

பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்திலிருந்து நடந்தே வந்துவிடும் தூரம், ஆனால் உன்னைப் பார்க்க அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். கைதிகளைப் பார்க்க நிவாரணக்காரர்கள் மூலம் அனுமதி கிடைத்தது. இன்று மத்தியானம் அந்தப் பெயின்டரைப் பார்த்தேன்.

கட்டில் அருகே போய் நின்றதும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நான்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? நீ எங்கே இருந்தே?"

"இங்கே இல்லைங்க. ஆபீஸ்ல, நாலாவது மாடியில."

எல்லாவற்றையும் சொன்னேன். படம், விதி, கழி, கட்டம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்களைப் பார்த்தியா?"

"உங்களைப் பார்க்கல. உங்களை மாதிரி நாப்பது பேரைப் பார்த்தேன்."

அப்புறம் திட்ட ஆரம்பித்தார். என்னை, என்னைப் பெற்றவளை, எனக்குப் பிறக்காத பிள்ளைகளை. அந்த வார்த்தைகளை எழுதமாட்டேன், இப்போதெல்லாம் அம்மா என் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்பவிடுகிறாள். ஊருக்குப் போய் அவளிடம் காட்டிவிட்டுத்தான் இதையும் தபாலில் போடுவேன். கட்டிலில் இருந்த தட்டை எறிந்தார். தோளில் பட்டது. நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். பெயின்டரே தடுத்தார். "இருக்கட்டும் அவ. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். செத்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பஸ் கண்டக்டர். விசிலடித்தே ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிடுவாராம், அன்று காலையிலும் பாடியிருக்கிறார். இன்னொருவர் இவருடைய மச்சான். சரணடையவே மாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டவர். இவர்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தாராம். அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாமவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். அந்த விரிப்பு அவருடையது, வீட்டிலிருந்து மனைவி கொடுத்தனுப்பியது. அழுக்காகிவிடும் என்று கடைசிவரை அதில் படுக்கவே இல்லையாம்.

நான் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்த ஒரு முறையும், "வாயை மூடிட்டுக் கேளு" என்றார். பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவருக்கும் மூச்சு வாங்கியது. நான் எழுந்ததும் என் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்துக்கொண்டார். நல்ல பலம் அந்தக் கைக்கு.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்கு வரணும்."

வருகிறேன் என்றேன்.

அக்கா